ஷார்ட்கட் கீ திடீரென்று வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

காலை வரை ஒழுங்காக இருந்த கன்ட்ரோல் + சி மத்தியானம் அடம்பிடிக்கும். எக்செலில் எஃப்2 அழுத்தினால் செல் திறக்காமல் ஸ்பீக்கர் சத்தம் குறையும். இப்படி ஆனதும் பலர் கீபோர்டு டிரைவரை அழித்து மறுபடி போடுகிறார்கள். சிலர் விண்டோஸையே ரீஇன்ஸ்டால் செய்யலாமா என்று கேட்கிறார்கள். இரண்டும் பெரும்பாலும் வீண் வேலை. ஷார்ட்கட் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். வழியில் வேறு யாரோ அதை வாங்கிக்கொள்வதுதான் வழக்கமான கதை.

நீங்கள் அழுத்தும் கீ நேராக வேர்டுக்கோ எக்செலுக்கோ போவதில்லை. கீபோர்டுக்குள் இருக்கும் சின்ன சிப் முதலில் அதைப் படிக்கிறது. அடுத்து விண்டோஸிடம் போகிறது. பின்னணியில் ஓடும் புரோகிராம் ஏதாவது அந்தக் கூட்டை, அதாவது சேர்த்து அழுத்தும் அந்தக் கீகளை, தன் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். அப்படி யாரும் இல்லாவிட்டால்தான் உங்கள் முன்னால் திறந்திருக்கும் ஜன்னலுக்கு வரும். கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து கண்டக்டருக்குக் காசு கை மாறிப் போகிற மாதிரி. டிக்கெட் வரவில்லையென்றால், காசு எந்தக் கையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அது எங்கே நிற்கிறது என்பதை அறிகுறியே சொல்லிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுவின் பெயர் வேறாக இருக்கும் இடத்தில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

எதையும் தொடும் முன்

அதே வேலையை மவுஸால் செய்து பாருங்கள். கன்ட்ரோல் + இசட் வேலை செய்யவில்லை என்றால், மேலே இருக்கும் அன்டூ பட்டனைப் பாருங்கள். அதுவும் மங்கிக் கிடந்தால் கீபோர்டில் கோளாறு இல்லை; திரும்பிப் போக எதுவும் இல்லை, அவ்வளவுதான். எக்செலில் மேக்ரோ (பல வேலைகளைத் தானாகச் செய்யும் சின்ன நிரல்) ஒன்றை ஓட்டிய பிறகு இப்படித்தான் ஆகும். மேக்ரோ தாளில் கை வைத்ததும் அதுவரை சேர்ந்திருந்த அன்டூ பட்டியல் காலியாகிவிடும்.

அப்புறம், நோட்பேடைத் திறந்து அங்கே அதே ஷார்ட்கட்டை அழுத்துங்கள். நோட்பேடில் வேலை செய்து வேர்டில் செய்யவில்லை என்றால் கோளாறு வேர்டில். இரண்டிலும் செய்யவில்லை என்றால் அதற்கு முன்னால் எங்கோ. இந்த ஒரு சோதனையே பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

எக்செலில் இன்னொன்று. செல்லுக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருந்தால், அதாவது நீங்கள் டைப் செய்துகொண்டிருக்கும் நிலையில் இருந்தால், பல ஷார்ட்கட்கள் பதில் தராது. எஸ்கேப் ஒரு தடவை அழுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். இதைச் சொன்னதும் "அட, இவ்வளவுதானா" என்று போனை வைத்தவர்கள் நிறைய.

எந்தப் புரோகிராமிலும் கன்ட்ரோல் ஷார்ட்கட்கள் வேலை செய்யவில்லை

இடது கன்ட்ரோலுக்குப் பதில் வலது கன்ட்ரோலை அழுத்திப் பாருங்கள். வலது வேலை செய்து இடது செய்யவில்லை என்றால் கீ போய்விட்டது, அல்லது அதற்கடியில் ஏதோ சேர்ந்திருக்கிறது. டீ சிந்திய கீபோர்டில் முதலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கீழ் வரிசைதான்.

லேப்டாப்பில் வலது கன்ட்ரோல் இல்லாமலிருக்கலாம். அப்போது திரைக் கீபோர்டைத் திறங்கள்: விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + ஓ. திரையில் ஒரு கீபோர்டு வரும். நீங்கள் கையால் அழுத்தும் ஒவ்வொரு கீயும் அதில் பளிச்சென்று நிறம் மாறும். கன்ட்ரோலை அழுத்தும்போது அங்கே ஒன்றும் அசையாவிட்டால் விண்டோஸுக்கே செய்தி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதே திரைக் கீபோர்டில் மவுஸால் கன்ட்ரோலையும் சியையும் கிளிக் செய்து பாருங்கள். அப்படி காப்பி ஆகிறது என்றால் மென்பொருளில் குறையில்லை. கீபோர்டை மாற்ற வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்த இன்னொரு சோதனை கன்ட்ரோல் + ஆல்ட் + டெலீட். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி கணினியை மறுபடி தொடங்குவதற்காக வைத்த கூட்டு இது. இன்றைய விண்டோஸில் இதை எந்தச் சாதாரண புரோகிராமும் நடுவில் வாங்க முடியாது. நேராக விண்டோஸே கவனிக்கும். எந்தக் கன்ட்ரோல் சந்தேகமோ அதை வைத்தே இதை அழுத்துங்கள். நீலத் திரையோ கறுப்புத் திரையோ வந்து லாக், சைன் அவுட் என்று பட்டியல் காட்டினால் அந்தக் கன்ட்ரோலும் ஆல்ட்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆளை வேறு இடத்தில் தேடலாம்.

கீபோர்டு வயர்லெஸ் என்றால் பேட்டரியைப் பாருங்கள். அதன் யுஎஸ்பி ரிசீவர், பின்பக்கம் நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்தில் சொருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும். பல வயர்லெஸ் கீபோர்டுகள் ஓடுவதும் அதே அலைவரிசையில்தான். ரிசீவரை முன்பக்க போர்ட்டுக்கு மாற்றினாலே சில கீபோர்டுகள் திருந்திவிடும்.

இரண்டு கீ கூட்டு வேலை செய்கிறது, கன்ட்ரோல் + ஷிஃப்ட் சேர்ந்த மூன்று கீ கூட்டு மட்டும் விழவில்லை என்றால் அது விலை குறைந்த கீபோர்டின் குணமாக இருக்கலாம். அவற்றில் கீகள் குறுக்கும் நெடுக்குமான கம்பி வலையில் அமைந்திருக்கும். சில மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது எது என்று சிப்புக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, விட்டுவிடும். எதிர்ப்பக்க ஷிஃப்ட்டை வைத்து முயன்றால் வேலை செய்யும். அதுவே இதற்கான சோதனையும்கூட.

லேப்டாப்பை மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய திங்க்பேட் மாடல்களில் இடது கீழ் மூலையில் இருப்பது எஃப்என். கன்ட்ரோல் அதற்கு அடுத்தது. பழக்கத்தில் விரல் மூலைக்குப் போய் எஃப்என் + சி அழுத்திக்கொண்டிருக்கும். பயாஸில் (விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் செட்டிங்ஸ்) இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளும் வசதி அவற்றில் உண்டு.

கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் விழுகிறது

ஃபில்டர் கீஸ். வலது ஷிஃப்ட்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். படிக்காமல் 'யெஸ்' கொடுத்தால் அன்றைக்கு முழுக்கத் தொல்லைதான். சட்டென்று தட்டும் கீகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். செட்டிங்ஸ் போய், விண்டோஸ் 11 என்றால் அக்சஸிபிலிட்டி, விண்டோஸ் 10 என்றால் ஈஸ் ஆஃப் அக்சஸ், அதற்குள் கீபோர்டு. ஃபில்டர் கீஸை அணையுங்கள். கேள்வியே வராமல் செய்யும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

ஒரு எழுத்து அடித்தால் ஏதேதோ ஜன்னல் திறக்கிறது

'எஸ்' அடித்தால் சேவ் கேட்கிறது, 'பி' அடித்தால் பிரின்ட் ஜன்னல் வருகிறது என்றால், விண்டோஸ் மனதில் கன்ட்ரோல் இன்னும் அழுத்தப்பட்டே இருக்கிறது. காரணம் இரண்டில் ஒன்று.

ஒன்று, ஸ்டிக்கி கீஸ். ஷிஃப்ட்டை ஐந்து தடவை தட்டினால் இதற்கும் ஒரு கேள்வி வரும். இயக்கிவிட்டால், கன்ட்ரோலை அழுத்தி விட்டாலும் அடுத்த கீ வரை அது நினைவில் நிற்கும். தொடர்ந்து இரண்டு தடவை தட்டினால் பூட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் பல கீகளை அழுத்த முடியாதவர்களுக்கு உயிர் காக்கும் வசதி. விளையாட்டில் ஷிஃப்ட்டைத் தட்டித்தட்டி ஓடும் பையன்கள் இருக்கும் வீட்டில் தினசரித் தொந்தரவு. அதே கீபோர்டு பக்கத்தில் இதையும் அணைக்கலாம்.

மற்றது, தூரத்துக் கணினியிலோ விர்ச்சுவல் மெஷினிலோ (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வேலை பார்த்துவிட்டு வெளியே வந்திருப்பீர்கள். கன்ட்ரோலை அழுத்திய செய்தி ஒரு பக்கம் போயிருக்கும். விட்ட செய்தி போயிருக்காது. இரண்டு கன்ட்ரோல், இரண்டு ஆல்ட், இரண்டு ஷிஃப்ட், விண்டோஸ் கீ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒரு தடவை தட்டிவிடுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

எஃப்2, எஃப்4, எஃப்5 போன்றவை மட்டும் வேறு வேலை செய்கின்றன

எஃப்என் லாக் மாறியிருக்கிறது. மேல் வரிசைக் கீகள் எஃப்2, எஃப்4 என்று வேலை செய்வதா, சத்தம் குறைப்பது மாதிரியான வேலை செய்வதா என்று தீர்மானிப்பது அதுதான். எஸ்கேப் கீயில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் எஃப்என் + எஸ்கேப் அழுத்துங்கள். பூட்டுப் படம் இல்லாத லேப்டாப்பில் பயாஸுக்குள் இதற்கான தேர்வு இருக்கும். எக்செலில் நாள் முழுக்க எஃப்2, எஃப்4 என்று வாழ்கிறவர்கள் இதை ஒரு தடவை சரியாக வைத்துக்கொண்டால் போதும்.

விண்டோஸ் கீ சேர்ந்த எதுவும் வேலை செய்யவில்லை

கேமிங் கீபோர்டு என்றால் விண்டோஸ் கீயைப் பூட்டும் வசதி அதிலேயே இருக்கும்; பல மாடல்களில் எஃப்என் + விண்டோஸ் கீ. பூட்டு இல்லை, திரைக் கீபோர்டிலும் விண்டோஸ் கீ நிறம் மாறுகிறது என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற வரியை ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் கீ கூட்டுகளில் பல அதன் பொறுப்பில்தான் இருக்கின்றன. அலுவலகக் கணினியில் இதுவும் பலிக்காவிட்டால், கம்பெனி பாலிசியில் அவற்றை நிறுத்தியிருக்க வாய்ப்புண்டு. அதைச் சிஸ்டம் அட்மினிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு கூட்டு மட்டும், எல்லாப் புரோகிராமிலும் செத்துக் கிடக்கிறது

கன்ட்ரோல் சரி, ஆல்ட் சரி, மற்ற ஷார்ட்கட்கள் எல்லாம் ஓடுகின்றன. ஒன்று மட்டும் இல்லை. இது திருட்டு. பின்னணியில் ஓடும் புரோகிராம் ஒன்று அந்தக் கூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது.

விண்டோஸில் ஒரு புரோகிராம் "இந்தக் கூட்டு எனக்கு" என்று கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். முதலில் கேட்டவருக்குத்தான் கிடைக்கும். அடுத்து அதையே கேட்பவருக்கு விண்டோஸ் இல்லை என்று சொல்லிவிடும். அப்படி மறுக்கப்பட்ட புரோகிராம்கள் பல அதை உங்களிடம் சொல்வதே இல்லை. ஒரு நாள் வேலை செய்கிறது, மறுநாள் இல்லை, ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகிறது என்று சொல்பவர்களின் குழப்பத்துக்கும் காரணம் இதுவே. கணினி எழும்போது இரண்டு புரோகிராம்களில் எது முந்திக்கொண்டதோ அதற்கு அன்றைய ஷார்ட்கட்.

அடிக்கடி மாட்டும் ஆட்கள் சிலர் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டோடு வரும் மென்பொருள் முதல் ஆள். என்விடியாவின் விளையாட்டு ஓவர்லே ஆல்ட் + இசட்டை வைத்துக்கொள்ளும். புரோகிராம் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் நீண்ட வரியை மடிக்க அதே ஆல்ட் + இசட். புரோகிராம் எழுதுபவர் அழுத்தினால் வரி மடங்காது, பக்கவாட்டில் விளையாட்டுப் பலகை வந்து நிற்கும். பழைய இன்டெல் கிராஃபிக்ஸில் கன்ட்ரோல் + ஆல்ட் + அம்புக்குறி அழுத்தினால் திரையே தலைகீழாகும். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து கிராஃபிக்ஸ் ஆப்ஷன்ஸுக்குள் ஹாட் கீஸை அணைத்தால் அந்தக் கூட்டு மறுபடி உங்களுக்கு.

பிரின்ட் ஸ்கிரீன் கீயும் இந்த வகைதான். விண்டோஸ் 11-இல் அது இப்போது ஸ்னிப்பிங் டூலைத் திறக்கிறது. பழையபடி முழுத்திரை நேராகக் கிளிப்போர்டுக்குப் போக வேண்டுமென்றால், முன்பு சொன்ன அக்சஸிபிலிட்டி கீபோர்டு பக்கத்திலேயே பிரின்ட் ஸ்கிரீனுக்கான சுவிட்ச் இருக்கிறது. சில கணினிகளில் ஒன்டிரைவ் இந்தக் கீயை எடுத்துக்கொண்டு படத்தைத் தன் ஃபோல்டரில் சேமித்துவிடும். ஸ்கிரீன்ஷாட் வரவே இல்லை என்று நினைப்பவரின் ஒன்டிரைவில் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும்.

தமிழில் டைப் செய்கிறவர்கள் வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறார். என்எச்எம் ரைட்டர் மாதிரியான மென்பொருள்கள் ஆல்ட்டோடு எண்களைச் சேர்த்து கீபோர்டை மாற்றுகின்றன. வேர்டிலும் எக்செலிலும் அதே ஆல்ட் + 1, ஆல்ட் + 2 என்பவை மேலே இருக்கும் குயிக் அக்சஸ் டூல்பாரின் முதல் பட்டன், இரண்டாவது பட்டன். எக்செலில் ஆல்ட் + 2 அழுத்தினால் பட்டன் இயங்காமல் கீபோர்டு தமிழுக்கு மாறும். இதற்காக எதையும் நீக்க வேண்டாம். ஆல்ட்டை மட்டும் தட்டி விட்டுவிடுங்கள். டூல்பாரில் ஒவ்வொரு பட்டன் மேலும் சின்ன எண் தெரியும். இப்போது 2-ஐத் தனியாகத் தட்டினால் ஆபீஸுக்கே போகும். ஆல்ட்டும் 2-உம் சேர்ந்து அழுந்தாததால் தமிழ் மென்பொருள் அதைத் தன்னுடையதாக நினைக்காது. இது சிரமமாக இருந்தால் தமிழ் மென்பொருளின் செட்டிங்ஸில் வேறு கூட்டைக் கொடுத்துவிடலாம்.

ஆள் யார் என்று தெரியாதபோது என்ன செய்வது? கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்நோக்கிய அம்புக்குறியைக் கிளிக் செய்தால் பின்னணியில் ஓடுபவர்களின் ஐகான்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக ரைட் கிளிக், எக்ஸிட், பிறகு ஷார்ட்கட். எதை மூடியதும் உயிர் வருகிறதோ அவர்தான் ஆள். இதற்கென்றே ஹாட்கீ டிடெக்டிவ் என்ற இலவசக் கருவியும் உண்டு. நீங்கள் ஷார்ட்கட்டை அழுத்தினால் அதை வாங்கிய புரோகிராமின் பெயரைக் காட்டும்.

ஐகானே காட்டாமல் ஒளிந்திருப்பவர்களுக்கு டாஸ்க் மேனேஜர். அதில் ஸ்டார்ட்டப் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து பாதியை டிஸேபிள் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷார்ட்கட் திரும்பி வந்தால் ஆள் அந்தப் பாதியில். வரவில்லையென்றால் மீதிப் பாதியில். அடுத்து அதில் பாதி. 16 புரோகிராம்கள் இருந்தாலும் நாலு ரீஸ்டார்ட்டில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு சாயங்காலம் போய்விடும்.

நானே வைத்த ஷார்ட்கட் திறக்கவில்லை

டெஸ்க்டாப் ஐகானின் பிராப்பர்ட்டீஸில் கன்ட்ரோல் + ஆல்ட் + ஏதோ ஒரு எழுத்து என்று கொடுத்திருப்பீர்கள். அந்த ஐகான் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்கும்வரைதான் அது செல்லும். டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று வேறு ஃபோல்டருக்குள் தள்ளினால் ஷார்ட்கட்டும் போச்சு. திரும்ப வெளியே கொண்டுவந்து, பிராப்பர்ட்டீஸில் அதே கூட்டை மறுபடி ஒரு முறை கொடுத்து ஓகே செய்யுங்கள்.

ஒரு புரோகிராமில் மட்டும் தகராறு

எக்செலில் இதற்கு முதல் சந்தேக நபர் மேக்ரோ. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இப்படி ஒன்றைப் பார்த்தேன். மேல் செல்லில் இருப்பதைக் கீழே இறக்கும் ஃபில் டவுன் ஷார்ட்கட்டை அழுத்தினால், அந்த எண் இறங்குவதற்குப் பதில் அன்றைய தேதி வந்து விழுகிறது. காலையில் சரியாக இருந்ததாம்; பதினொரு மணிக்கு மேல்தான் இப்படியாம். பதினொரு மணிக்குத்தான் அவர்கள் பழைய வவுச்சர் ஃபைலைத் திறக்கிறார்கள். எப்போதோ வேலை பார்த்த ஒருவர், தேதி போடும் மேக்ரோவுக்கு அதே கூட்டைக் கொடுத்து அந்த ஃபைலுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேக்ரோ இருக்கும் ஃபைல் எங்கோ ஒரு மூலையில் திறந்திருந்தாலே போதும், திறந்திருக்கும் மற்ற ஃபைல்களிலும் எக்செலின் சொந்த ஷார்ட்கட்டை அது மறைத்துவிடும்.

இதைப் பிடிக்க ஆல்ட் + எஃப்8 அழுத்துங்கள். மேக்ரோ பட்டியல் வரும். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து ஆப்ஷன்ஸைத் திறந்தால் அதற்குக் கொடுத்த கூட்டு தெரியும். எழுத்தை நீக்கிவிட்டு ஃபைலைச் சேவ் செய்யுங்கள். பட்டியலில் பர்சனல் என்று தொடங்கும் பெயர்கள் இருந்தால் அவை எக்செலோடு சேர்ந்து ஒளிந்தபடி திறக்கும் ஃபைலில் இருப்பவை. வியூ மெனுவில் அன்ஹைட் கொடுத்து அதை வெளியே எடுத்த பிறகுதான் திருத்த முடியும்.

எக்செலில் அம்புக்குறி அழுத்தினால் செல் மாறாமல் தாள் முழுவதும் நகர்கிறது என்பது இதே துறையின் இன்னொரு புகார். ஸ்குரோல் லாக் விழுந்திருக்கிறது. லேப்டாப்பில் அந்தக் கீயே இருக்காது. திரைக் கீபோர்டைத் திறந்து அதில் இருக்கும் ஸ்குரோல் லாக்கைக் கிளிக் செய்யுங்கள்.

வேர்டில் என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன். அந்தப் பக்கத்தின் அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்பதற்கு எதிரே ஒரு பட்டன் இருக்கும். அதற்குள் புதிய ஷார்ட்கட் கட்டத்தில் உங்கள் கூட்டை அழுத்தினால், இப்போது அது எந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அங்கேயே காட்டும். இதைப் பார்க்காமல் ரீசெட் ஆல் அழுத்திவிடாதீர்கள். நீங்கள் ஆசையாக வைத்த மற்றவையும் சேர்ந்து போய்விடும். வேர்டோடு சேர்ந்து ஓடும் கூடுதல் மென்பொருளான ஆட்-இன் மேல் சந்தேகம் என்றால், கன்ட்ரோலைப் பிடித்தபடி வேர்டைத் திறங்கள். சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அதில் ஷார்ட்கட் வேலை செய்தால் ஆட்-இன்தான்.

பிரவுசரில் இரண்டு பேர் குறுக்கே வருவார்கள்: எக்ஸ்டென்ஷன், இணையதளம். இன்காக்னிடோ ஜன்னலில் நீங்கள் தனியாக அனுமதி கொடுக்காத எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது என்பதால் அங்கே முயன்று பார்ப்பது சுலபம். குரோமின் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் இடப்பக்க மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த எக்ஸ்டென்ஷன் எதை வைத்திருக்கிறது என்பது அங்கே வரிசையாகத் தெரியும். 'குளோபல்' என்று போட்டிருப்பது குரோமுக்கு வெளியேயும் அந்தக் கூட்டைப் பிடித்துக்கொள்ளும்; வேர்டில் வேலை செய்யாத ஷார்ட்கட்டின் ஆள் குரோமுக்குள் உட்கார்ந்திருப்பது இப்படித்தான்.

விஎஸ் கோடில் கன்ட்ரோல் + கே அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கீழ்ப் பட்டையைப் பாருங்கள். அடுத்த கீக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். லினக்ஸ் டெர்மினலில் பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் + எஸ் அழுத்தி எல்லாம் உறைந்துவிட்டால் கன்ட்ரோல் + கியூ. காப்பி செய்ய அங்கே ஷிஃப்ட்டையும் சேர்க்க வேண்டும். வெறும் கன்ட்ரோல் + சி ஓடும் வேலையை நிறுத்திவிடும்.

தமிழ் கீபோர்டில் இருக்கும்போது மட்டும் / ரூபாய் குறி வரவில்லை

விண்டோஸோடு வரும் தமிழ் கீபோர்டில் கன்ட்ரோல் + சி, வி எல்லாம் வழக்கம்போல் ஓடும். மாட்டிக்கொள்வது ஒற்றை எழுத்து ஷார்ட்கட்கள்தான். இணையதளங்களில் 'ஜே' அழுத்தினால் அடுத்த மெயில், 'கே' அழுத்தினால் வீடியோ நிற்கும் என்கிற வகை. பல தளங்கள் எந்த எழுத்து வந்தது என்றுதான் பார்க்கின்றன. அங்கே தமிழ் எழுத்து போய் நின்றால் கண்டுகொள்ளாது. விண்டோஸ் கீ + ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு வாருங்கள். நீங்கள் மாற்றாமலே மொழி மாறுகிறது என்றால் இடது ஆல்ட் + ஷிஃப்ட் தற்செயலாக விழுந்துகொண்டிருக்கிறது. செட்டிங்ஸில் டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், இன்புட் லாங்வேஜ் ஹாட் கீஸ் என்று போய் அதை நீக்கிவிடலாம்.

ரூபாய் குறி தனிக் கதை. 4 கீயில் ₹ அச்சிட்டிருக்கிறது. கன்ட்ரோல் + ஆல்ட் + 4 அழுத்தினால் ஒன்றும் வருவதில்லை. டாஸ்க்பாரில் ஆங்கிலத்துக்கான மூன்றெழுத்துக்குக் கீழே 'யுஎஸ்' என்று இருக்கிறதா? அப்படியானால் கீபோர்டு மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் விண்டோஸுக்கு அது அமெரிக்கக் கீபோர்டு. அதில் இந்தக் குறி இல்லை. லாங்வேஜ் செட்டிங்ஸில் இங்கிலீஷ் (இந்தியா) சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்தால் வலது ஆல்ட் + 4 போதும், குறி விழும். வலது ஆல்ட் அந்த அமைப்பில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததற்குச் சமம். ஆகவே டெஸ்க்டாப் ஐகான் எதற்காவது கன்ட்ரோல் + ஆல்ட் + 4 கொடுத்து வைத்திருந்தால், ரூபாய் குறி போடப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புரோகிராம் திறக்கும்.

காப்பி ஆகிறது மாதிரி இருக்கிறது, பேஸ்ட் செய்தால் பழையதே வருகிறது

விண்டோஸ் கீ + வி அழுத்துங்கள். முதல் தடவை என்றால் கிளிப்போர்டு ஹிஸ்டரியை இயக்கச் சொல்லும். இயக்கிவிட்டு எதையாவது காப்பி செய்து மறுபடி பாருங்கள். பட்டியலில் அது வந்திருந்தால் கன்ட்ரோல் + சி தன் வேலையைச் செய்துவிட்டது. வாங்கிப் போடும் இடத்தில்தான் பிரச்சினை. சில வங்கித் தளங்களின் கணக்கு எண் கட்டங்கள் பேஸ்ட்டை வேண்டுமென்றே மறுக்கின்றன. அதற்கு மருந்தில்லை, கையால் அடிக்க வேண்டியதுதான்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் இங்கே காப்பி செய்தது அங்கே போகவில்லை என்றால், தூரத்துக் கணினியின் டாஸ்க் மேனேஜரில் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் ஆர்டிபிகிளிப் (rdpclip) என்ற புரோகிராமைத் தேடி என்ட் டாஸ்க் கொடுங்கள். பிறகு ரன் நியூ டாஸ்கில் அதே பெயரை அடித்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டு கணினிகளின் கிளிப்போர்டையும் இணைப்பது அதுதான். ரிமோட்டில் கன்ட்ரோல் + ஆல்ட் + டெலீட் எப்போதும் உங்கள் கணினிக்கே வரும். அந்தப் பக்கத்துக்கு அனுப்ப கன்ட்ரோல் + ஆல்ட் + எண்ட். ஆல்ட் + டேப் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இணைப்பதற்கு முன் லோக்கல் ரிசோர்சஸ் பகுதியில் சொல்லலாம். விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் வலது கன்ட்ரோல் அந்த மென்பொருளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. உள்ளே இடது கன்ட்ரோலையே பயன்படுத்துங்கள்.

எல்லா ஜன்னலிலும் சரி, ஒரே ஒரு மென்பொருளுக்குள் போனால் தமிழ் டைப்பிங்கும் என் சொந்த ஹாட்கீகளும் நின்றுவிடுகின்றன

அந்த மென்பொருள் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறது. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் ஒரு விதி வைத்திருக்கிறது: சாதாரண அனுமதியில் ஓடும் புரோகிராம், அட்மின் அனுமதியில் ஓடும் ஜன்னலின் கீகளை ஒட்டுக்கேட்கவோ அதற்குள் எழுத்துகளைத் தள்ளவோ முடியாது. கடவுச்சொல் திருடும் புரோகிராம்களைத் தடுக்க வந்த விதி. நடுவில் மாட்டிக்கொண்டது நம் தமிழ் டைப்பிங் கருவிகளும் சொந்த ஹாட்கீ வைக்க உதவும் ஆட்டோஹாட்கீ மாதிரியானவையும். கணக்கு மென்பொருளை இன்ஸ்டால் செய்ய வருபவர்கள் பலர் பத்திரத்துக்காக "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" டிக் போட்டுவிட்டுப் போவார்கள். ஐகானின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதியில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மென்பொருள் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து, வேலையும் ஒழுங்காக நடந்தால் அதுவே நல்லது. அது இல்லாமல் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்தால், தமிழ் டைப்பிங் கருவியையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒரே தட்டுக்கு வந்துவிடும். வாடிக்கையாளர் பெயர்க் கட்டத்தில் தமிழ் விழும்.